சின்னம்மாவின் முதலெழுத்து

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அம்பத்தூர் மாலை வகுப்பில், 'அவுட்புட் இம்பீடன்ஸ்: உதாரணத்துடன் விளக்குக' என்று கேட்டார்கள். ஐந்து மதிப்பெண். நான் உதாரணத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

2

ஆடி வெயில் திருவேற்காட்டைப் பொன்னாக— (அடித்தாயிற்று. வெயிலுக்கு மதிப்பெண் கிடையாது.)

1972, ஆடி ஞாயிறு, பகல் பதினொரு மணி. கூழ் ஊற்றும் கூட்டம். மைக் செட் துலுக்கானத்துடையது. மைக்குப் பக்கத்தில் இருந்த, மைக்கின் சன்னக் குரலை முதலில் பெருக்கி அனுப்பும் பிரீஆம்ப் டப்பா மட்டும் கஜபதி செய்தது. டப்பா இன்று ஒழுங்காகப் பேசினால் நாளை முதல் அவன்தான் மெக்கானிக் என்று துலுக்கானம் சொல்லியிருந்தார். ஆம்பிளிஃபயர் நூறடி தள்ளி, கரண்ட் கிடைத்த இடத்தில் இருந்தது.

3

மேடையருகே ஒரு பெண் குழந்தை தனியாக நின்று அழுதது. அம்மாவின் பெயரை மட்டும் சொல்லத் தெரிந்தது. துலுக்கானம் மைக்கைப் பிடித்தார்.

"சின்னம்மா! சின்னம்மா! மேடையாண்ட வா!"

ஸ்பீக்கர் குழாயில் வந்தது: "இன்னம்மா! இன்னம்மா!"

கூட்டத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்: "இன்னான்னு நீ மொதல்ல சொல்லு நைனா, அப்பால வரேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

"இன்னாடா கஜா, கம்பளி போத்திகினு பேசறா மாரி கீது?"

"ஊட்ல நல்லாத்தான் கேட்டுச்சி அண்ணாத்தே."

வீட்டில் அவன் மாட்டிப் பார்த்த வயர் ஒரு முழம்.*

* விடை இதுதான். டப்பாவின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஒலி அதைவிட்டு வெளியேறும் வழியில் உள்ள மின்தடை, அதிகம். அப்படிப்பட்ட டப்பாவால் நூறடி ஷீல்டு வயரைச் சமாளிக்க முடியாது. கூரிய ஓசைகளை வயர் விழுங்கிவிடும். 'ச' கூரியது. 'இ' தப்பித்துக்கொள்ளும்.

4

கஜபதிக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கரண்டை நீள வயரில் இழுத்து, ஆம்பிளிஃபயரை மேடைக்குத் தூக்கி வந்து, டப்பாவின் வயரை முழமாக்கினால் போதும். அதற்கு முதலில், "தப்பு என் டப்பாலதான் கீது" என்று சொல்ல வேண்டும்.

முடிவு அ: சொல்கிறான். பெயர் முழுதாக ஒலிக்கிறது. கிடைக்கவிருந்த வேலை போகிறது.

முடிவு ஆ: "மைக்ல ஈரம் ஏறிகீது" என்கிறான். துலுக்கானம் மைக்கைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி, "இன்னம்மா!"

அ தான் நல்ல முடிவு. ஆனால் கஜபதியை எனக்குத் தெரியும். பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன், மற்றபடி அவன்—

5

துலுக்கானம் இப்போது மூன்றாம் முறையாகத் துடைக்கிறார்.

இனி கஜபதியை நம்பிப் பயனில்லை. தாளில் 'ச'வை விழுங்க வயர் இல்லை. நீங்கள் பெயரை முழுதாகப் படித்துவிட்டீர்கள். கூழ் வரிசையில் உங்களுக்கு முன்னால் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, முன்னே பார்த்தபடியே, பிள்ளையின் தலை இருக்க வேண்டிய உயரத்தில் கையால் துழாவுகிறாள்.

கூப்பிடுங்கள்.