வண்டியில் பொருந்தாத ரப்பர்

லிப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அன்று காலை, தன் புது மோட்டார் சைக்கிளுக்கு முதல் ஆயில் மாற்றும் வேலையைத் தானே செய்துவிடுவதென்று ஸ்பேனரும் டப்பாவுமாகத் தயாராகிவிட்டார். வாங்கிய கடையில் முதல் சர்வீஸ் இலவசம்தான். ஆனால் காலமெல்லாம் லிப்ட்களுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர் அவர். மேலே நின்று பார்த்தால் எல்லா லிப்ட்டும் ஒழுங்காகத்தான் தெரியும், குழிக்குள் இறங்கினால்தான் வண்டவாளம் வெளியே வரும் என்பார். இலவசமாகச் செய்கிறவன் போல்ட்டை முறுக்கினானா, முறுக்கியதாகச் சொன்னானா என்பது யாருக்குத் தெரியும்?

மனைவிக்கு இதில் சம்மதமில்லை. வண்டியைக் கடையிலேயே விடுங்கள், அடியெல்லாம் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தமாகக் கழுவித் தருவார்கள் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் அலைய வேண்டாம், என் தம்பி கொண்டுபோய் விட்டுவருவான் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

"கட்டுன பொண்டாட்டிய என்னைக்காவது இப்படிக் குனிஞ்சு நிமிந்து கவனிச்சிருக்கீங்களா?" என்றாள் கடைசியில்.

"உன்னக் குடுக்கறப்ப உங்கப்பா சர்வீஸ் புக்கு எதுவும் தரலையே" என்றார் அவர். இந்த மாதிரிப் பேச்சுக்கு எப்போதும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருப்பவள், அன்று வண்டியின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆயில் சூடாகி இளகினால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். அதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். முக்கில் இருந்த டெய்லர் வீட்டில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேருடைய பேன்ட்டைப் பிடித்தோ விட்டோ கொடுத்தவர் அந்த டெய்லர். கால் தளர்ந்த பிறகு கம்பு ஊன்றிக்கொண்டு மாலையில் கொஞ்ச தூரம் நடப்பார். போன மாதம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஏதோ ஒரு வண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். பேச்சு வராமலேயே போய்ச் சேர்ந்தார். இடித்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த வீட்டில் அவருடைய மகள் மட்டும்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரப்பர் கருகும் வாசனை லேசாக வந்தது. சில வாரங்களாகவே வந்துகொண்டிருந்தது. புது வண்டி என்றால் சூட்டில் கொஞ்ச நாள் அப்படித்தான் நாறும் என்று விட்டுவிட்டிருந்தார்.

கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவிலிருந்த சிமென்ட் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, வண்டிக்கு நடு ஸ்டாண்டு போட்டு, அடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டியைத் தள்ளினார். முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தார். காற்றுப் போக வழி இருந்தால்தான் ஆயில் தடையில்லாமல் இறங்கும். பிறகு மல்லாந்து படுத்து அடிபோல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். அசைந்து கொடுக்கவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியதும் இளகியது. மீதியை விரலாலேயே திருகி எடுத்தார். ஆயில் கயிறு போல இறங்கியது. வெயிலில் அதற்குள் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றையொன்று உரசி இடம் பிடித்துக்கொள்ளும்போது உதிர்கிற இரும்புத் தூள். அதை வெளியேற்றத்தான் முதல் ஆயிலைச் சீக்கிரமாக மாற்றுவது.

வடியும்வரை சும்மா இருக்கக் கை விடவில்லை. டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்த்தார். சைலன்சர் குழாய்க்கும் எஞ்சினைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று செருகிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். சின்னக் கிண்ணம் போல ஒரு ரப்பர். ஒரு பக்கம் உருகி இழைந்திருந்தது. வாசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததில் அவருக்கு முதலில் நிம்மதிதான். புது வண்டியிலேயே சாமான் மிச்சமாகிறது, கம்பெனிக்காரன் கெட்டிக்காரன் என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, அதை மாட்ட வேண்டிய இடத்தைத் தேடினார். ஸ்டாண்டின் காலில் வைத்துப் பார்த்தார். கால் வைக்கும் கம்பியின் முனையில் வைத்துப் பார்த்தார். எதிலும் பொருந்தவில்லை.

உள்ளே விரலை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். மடித்துச் செருகிய மஞ்சள் பட்டை. விரித்தால் எண்களும் கோடுகளும். தையல்காரர்கள் கழுத்தில் போட்டிருக்கும் இன்ச் டேப்பில் ஒரு துண்டு.

டெய்லரின் உடலை வீட்டில் கிடத்தியிருந்த அன்று இவரும் மனைவியும் போயிருந்தார்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பு, யாரும் தொடாமலே சரிந்து சரிந்து விழுந்தது. இவர்தான் எடுத்து நிமிர்த்தினார். "அது நிக்காதுண்ணே" என்றாள் மகள். "அடி ரப்பர் போயிடுச்சு. லூசா இருக்குன்னு அப்பா டேப்ப வெட்டி உள்ள வச்சிருந்தாரு. அப்படியும் எங்கயோ விழுந்துடுச்சு."

மழை தூறிய அந்த மாலையும் நினைவுக்கு வந்தது. மனைவியின் தம்பி, புது வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாவி வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் தன் அறைக்குப் போனான். மறுநாள் இவர் எழுந்து வந்தபோது மனைவி வாளியும் துணியுமாக வண்டியைக் கழுவி முடித்திருந்தாள். பரவாயில்லை, அவளுக்கும் வண்டிமேல் பாசம் வந்துவிட்டது என்று வேலையிடத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

எழுந்து உட்கார்ந்தார். ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

மனைவி டீ கொண்டுவந்தாள். செய்தித்தாள்மேல் கிடந்த ரப்பரையும் மஞ்சள் துண்டையும் பார்த்து, என்ன அது என்று கேட்டாள்.

"எங்க பொருந்துதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நம்ம வண்டில இதுக்கு இடமே இல்ல."

டீயைப் படியில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே மீதி அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பருந்து தெரியும்?"

"அன்னைக்கே."

தம்பி நடுங்கிக்கொண்டு வந்தான் என்றாள். ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் எழுந்து உட்கார்ந்திருந்தாராம். பெரிய அடி இருக்காது, யாராவது தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தானாம்.

"அந்தப் பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருந்தியே" என்றார் அவர். "அவளுக்குத் தல வாரிவிட்டியே."

"வேற என்னங்க செய்ய முடியும் என்னால?"

அம்மா போன பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிப் பாடம் எழுதியவள் அவள். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டிவந்தாள். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட வேனில் டிரைவராகச் சேரப் போகிறான்.

"வண்டி உங்க பேர்ல இருக்கு" என்றாள். "விஷயம் வெளிய போச்சுன்னா மொதல்ல உங்களத்தான் கூட்டிட்டுப் போவாங்க. போன உசுரு திரும்பியா வரப்போகுது?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"ஸ்கூல் வேன் ஓட்டப் போறான்" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். ரப்பரையும் டேப் துண்டையும் எடுத்து ஆயில் தொட்டிக்குள் போட்டாள். கோபமாக எறியவில்லை. அழுக்குத் துணியை ஊறவைப்பது போலத்தான் போட்டாள். இரண்டும் மூழ்கின. "கழிவு ஆயில்தானே. கொண்டுபோய் ஊத்திடுங்க" என்றாள்.

சட்டைக் கையை மடிக்காமலே அவர் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். ரப்பர் அகப்பட்டது. டேப் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பழந்துணியால் துடைத்தபோது எண்கள் மறுபடி தெரிந்தன. மணிக்கட்டுவரை இரும்புத் தூள் மின்னியது.

"அத எடுத்துக்கிட்டுக் கேட்டத் தாண்டுனீங்கன்னா, திரும்பி வர்றப்ப நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. சொன்னதைச் செய்கிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

எஞ்சினில் சொட்டு ஆயில் இல்லை. அப்படியே போட்டுவிட்டுப் போகக் கை வரவில்லை. புது வாஷர் வைத்து போல்ட்டை மாட்டினார். அளவாக இறுக்கினார். புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றி, மூடியைத் திருகி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். சத்தம் கேட்டோ என்னவோ, வெளியே போயிருந்த மச்சினன் அந்த நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்ன மாமா, ஆபரேஷன் முடிஞ்சுதா? பேஷண்ட் பொழச்சிட்டாரா?"

வண்டியின் சீட்டில் துணி விரித்து அதன்மேல் ரப்பரையும் டேப்பையும் வைத்திருந்தார். அவன் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எஞ்சினை அணைத்தார். "உக்காரு" என்றார். "ஆயில் கீழ எறங்கி நிக்கணும். அப்புறந்தான் அளவு தெரியும்."

அவன் அக்காவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மூன்று பேரும் ஆயில் இறங்கக் காத்திருந்தார்கள். சைலன்சர் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டது. டீயில் ஏடு படிந்திருந்தது. வண்டியில் கருகல் வாசனை இப்போது இல்லை.

"நிறுத்தினேன் மாமா" என்றான் அவன். "கொஞ்ச தூரம் போய் நிறுத்தினேன். அவரு கம்பத் தேடிக்கிட்டிருந்தாரு. கையால ரோட்டத் தடவித் தடவி. கம்பு அந்தப் பக்கம் கெடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. அவருக்குத் தெரியல. அத எடுத்துக் குடுக்கக்கூட நான் போகல."

இதை அவன் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரம் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

அவர் குனிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் ஆயில் அளவு காட்டும் சின்ன வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். அதிலிருந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஆயில் சரியாக நின்றது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நகக் கண்ணில் கறுப்பு போகவில்லை. ரப்பரையும் டேப்பையும் துணியோடு எடுத்து மச்சினன் கையில் கொடுத்தார்.

"இத நீயே கொண்டு வா. மொதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்கு. அப்புறம் ஸ்டேஷனுக்கு."

"வண்டியிலயா மாமா?"

"நடந்துதான். வண்டி இங்கயே நிக்கட்டும். அவங்க வந்து பாக்கணும்ல."

அவன் முன்னால் நடந்தான். அவர் கேட்டைத் தாண்டி, கொண்டியைப் போடத் திரும்பியபோது, உள்ளே அவள் துணி வைக்கும் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அதன் கதவு எப்போதும் கிறீச்சிடும். எண்ணெய் விடுங்கள் என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். கொண்டியில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொண்டியைப் போட்டுவிட்டு நடந்தார்.