டிக்கெட்டுச் சாவு

அங்கமுத்து முதல் தடவை செத்தது 1944ஆம் வருஷம் தீபாவளியன்று, ராத்திரி எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு. எட்டரைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதற்குள் மகள் தேசம்மா மாரில் அடித்துக்கொண்டு மயங்கி விழுந்திருந்தாள், சங்கு ஊதுகிறவனைக் கூட்டிவர ஆள் ஓடியிருந்தது. அன்றைக்கே இரண்டாம் ஆட்டத்தில் மறுபடியும் செத்தார். மறுநாள் விடுமுறை, மூன்று ஆட்டம், மூன்று சாவு. லஸ் பக்கத்து டாக்கீஸில் புதுப்படம் பார்த்துவிட்டு வந்த ஒருத்தர்தான் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சொன்னார்: படத்தில் தாத்தா கண்ணை மூடும்போது குப்பத்தில் அங்கமுத்து கண்ணை மூடுகிறார், படம் முடிந்து ஜனம் எழுந்திருக்கும்போது அவரும் எழுந்திருக்கிறார். அந்தப் படத்தில் தாத்தாவாக நடித்தவரே அங்கமுத்துதான்.

சினிமாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடையாற்று ஸ்டூடியோ சமையல்கட்டுக்கு வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுப்பார், கூடையைக் கழுவிக்கொண்டு திரும்பிவிடுவார். தாத்தா வேஷம் போட இருந்த நாடகக்காரர் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவர், திரும்பவே இல்லை. டைரக்டர் இவருடைய வெள்ளை மீசையையும் உப்புக்காற்றில் சிவந்துபோன கண்ணையும் பார்த்தார், நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். தேசம்மா வேண்டாம் என்றாள். அங்கமுத்து சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். கதையில் ஐந்து வயசுப் பெண் குழந்தை ஒன்று அவரை இருபத்துமூன்று தடவை ‘தாத்தா’ என்று கூப்பிடுகிறது. தேசம்மாவுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தேசம்மாவுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் அவளால் தடுக்க முடியவில்லை.

தப்பு நடந்தது சாவுக் காட்சியில். கம்பெனி கூட்டிவந்த பெண்கள் கண்ணில் மருந்து போட்டுக்கொண்டு அழுதார்கள். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. குப்பத்துப் பெண்களை லாரி அனுப்பி வரவழைத்தார். தேசம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். அழுங்கள் என்றார்கள். பொய்யாக அழுவது எப்படி என்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியாது. குப்பத்தில் ஒப்பாரி என்றால் செத்தவர் பேரைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் முடிக்காமல் விடக்கூடாது. தேசம்மா தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, ‘ஆழம் அறிஞ்சவரே, அங்கமுத்து ஐயாவே, கரைய மறந்துபுட்டு எந்தக் கடல் போனீரோ’ என்று எடுத்தாள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வாய்க்கரிசியும் போட்டார்கள். கதையில் தாத்தாவுக்கு வேறு பேர், அந்த அழுகையில் அதை யார் கவனித்தார்கள்? டைரக்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வாயில் அரிசியோடு படுத்திருந்த அங்கமுத்து, கால் ஜில்லிட்டுப் போச்சு என்று மட்டும் வரும்போது லாரியில் சொன்னார்.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்குக் கட்டுமரம் கடலில் இறங்காது. அது எழுதாத சட்டம். தினமும் சாவு விழுந்தால் தினமும் இறங்காது. பதினாறு நாள் மரங்கள் மணலில் காய்ந்தன, கட்டுக் கயிறு வெடித்தது, அடுப்பில் பூனை படுத்தது. பதினேழாம் நாள் குப்பத்துத் தலைவர் மாசிலாமணி தேசம்மா வாசலில் வந்து நின்றார்.

“தேசம்மா, உங்க நைனாவ ஆத்துக்கு அந்தாண்ட எங்கனா இட்டுக்கினு போய் வெச்சுக்கோ. படம் தூக்குற வரிக்கும்தான்.”

“எங்க நைனா இன்னா மீன் குப்பையா, அந்தாண்ட கொட்றதுக்கு? உள்ளதான் குந்திக்கினு கீறாரு. நீயே கேளு.”

“மாமா,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார் மாசிலாமணி, “இன்னா மாமா இது?”

“இருடா, மணி ஆவுது, போய்ட்டு வந்து பேசறேன்,” என்றார் அங்கமுத்து, பாயை விரித்துக்கொண்டே.

பட்டணத்துக்கோ தாத்தா பைத்தியம் பிடித்திருந்தது. தியாகராய நகரில் பெரிய வீட்டுக் குழந்தைகள் அந்தத் தாத்தாதான் வேண்டும் என்று சொந்தத் தாத்தாவை விரட்டினார்கள். கடைகளில் அவர் முகம் போட்ட காலண்டர் தொங்கியது. செய்தி கம்பெனிக்குப் போனதும் புதுச் சுவரொட்டி ஒட்டினார்கள்: ‘உயிரை விட்டு நடித்த தாத்தா! நேரில் கண்டவர் சாட்சி!’ அதற்குப் பிறகு மாட்டினி முடிந்த கூட்டம் நேராகக் குப்பத்துக்கு நடந்தது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, பிணம் இருக்கும் வீடு எது என்று கேட்டார்கள். தியேட்டரில் அழுத கண் காயவில்லை, இங்கே காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்திருந்த குழந்தைகள் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. தங்கள் குழந்தையை முன்னால் தள்ளி, “தாத்தாவுக்கு நமஸ்காரம் சொல்லு” என்றார்கள். எழுந்து உட்கார்ந்திருந்த அங்கமுத்து ஒவ்வொரு குழந்தையின் தலையையும் தொட்டார். தேசம்மா மீன் அறுக்கும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அறுக்க மீன் இல்லை.

டாக்கீஸில் மெஷின் ஓட்டியவர் பீர் முஹம்மது. நல்ல மனுஷர். தேசம்மா போய்க் கேட்டதும், ஒரு திங்கட்கிழமை முதல் ஆட்டத்தில் சாவுக் காட்சியை லென்ஸின் முன்னால் அட்டை வைத்து மறைத்தார். ஒப்பாரி மட்டும் இருட்டில் கேட்டது. அங்கமுத்து செத்தார். இரண்டாம் ஆட்டத்தில் படத்தை ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் நிறுத்தினார். திரையில் பன்னிரண்டு பெண்கள் வாயை வாயைத் திறந்தார்கள், குப்பத்தில் அங்கமுத்து கால்மேல் கால் போட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜனம் சோடா பாட்டிலை எறிந்தது, முதலாளி பீர் முஹம்மதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போனார். இன்னொரு தடவை முடியாது என்று அவர் தேசம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் ஒன்று தெரிந்துபோயிற்று. அப்பனைக் கொல்வது படம் இல்லை. அவள் குரல்தான் கொல்கிறது.

கம்பெனி மேனேஜர் ராஜகோபாலன் மாடவீதியில் குடியிருந்தார். தேசம்மா வாசலிலேயே நிறுத்தப்பட்டாள்.

“என் ஒப்பாரிய குட்த்துடு சாமி,” என்றாள். “வேற ஒண்ணும் வாணாம். அந்தத் துண்ட வெட்டி என் கைல குடு.”

“நன்னாருக்கு! ஜனங்க அழறதுக்குன்னே வந்துண்டிருக்கா. அதை வெட்டிட்டா படத்துல என்ன இருக்கு?” என்றார் ராஜகோபாலன். “கைநாட்டு வெச்சிருக்கேளே எல்லாரும். குரல் கம்பெனிக்குச் சொந்தம்.”

“நான் பெத்த குரலு சாமி அது.”

“உங்கப்பாவுக்கு என்ன குறை இப்போ? ஊரே தாத்தாங்கறது.”

தேசம்மா அவர் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடு என்றாள். மாடவீதி முழுக்கக் கேட்கும்படி அவள் அன்று பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. எழுதினால் தாளே கறுத்துப்போகும். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆறு மாசம் உப்புக் கரித்தது, ராஜகோபாலன் வேறு வீடு பார்த்துப் போனார்.

அன்று அவள் திரும்பி வந்தபோது குப்பம் கூடியிருந்தது. அப்பனை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கச் சொல்லித் தீர்ப்பு எழும்புகிற சமயம். தேசம்மா நடுவில் போய் நின்றாள். “சாவுன்னா நாலு பேர் வந்து ஓசில அழுவணும். டிக்கெட்டு வாங்கிக்கினு அழுவறது இன்னா சாவு? நீங்க யாருனா டிக்கெட்டு வாங்கினீங்களா? இல்லல்ல? அப்ப உங்களுக்கு இன்னா தீட்டு?” மாசிலாமணி சொன்னார்: டிக்கெட்டுச் சாவு ஊர்ச் சாவு ஆகாது. மறுநாள் விடியலில் மரங்கள் இறங்கின.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அங்கமுத்து செத்துக்கொண்டே இருந்தார். மதுரையில் ஓடினால் மதுரை நேரத்துக்கு, கும்பகோணத்தில் ஓடினால் கும்பகோணத்து நேரத்துக்கு. எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று பீர் முஹம்மது விசாரித்துச் சொல்லுவார், தேசம்மா அதற்கேற்றபடி உலை வைப்பாள். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, அன்றைக்கு இலவச ஆட்டம் போட்டு நாலு தடவை கொன்றார்கள். எத்தனையோ குழந்தைகள் அவரைத் தாத்தா என்றார்கள். வரவர அவர் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். தேசம்மா “நைனா” என்றால் மட்டும் திரும்புவார்.

1949 ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வலைக்கு முடி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். காலை பத்து மணிக்கு எந்த ஊரிலும் ஆட்டம் கிடையாது. இருந்தாலும் மாசிலாமணி மதியம் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு, மேலே இழுத்த மரம் இழுத்தபடியே இருக்கட்டும், இது ஊர்ச் சாவு என்றார்.

தேசம்மா முடியை அவிழ்த்துப் போட்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மற்றப் பெண்களும் திறந்தார்கள். ஒருத்திக்கும் குரல் எழவில்லை. ஊர் ஊராகப் போய் ஐந்து வருஷம் அழுத ஒப்பாரி, கம்பெனியின் படப்பெட்டியில் கிடந்தது. அழாமல் பிணத்தை எடுக்கக்கூடாது. தேசம்மா அப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு, கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

சைதாப்பேட்டை கொட்டகையில் அன்று அந்தப் படம்தான். பீர் முஹம்மது அப்போது அங்கே மெஷின் ஓட்டினார். முதல் ஆட்டத்தில் தாத்தா கண்ணை மூடினார், பெண்கள் வாயைத் திறந்தார்கள், சத்தம் வரவில்லை. பீர் முஹம்மது எந்தத் திருகையும் தொடவில்லை. சோடா பாட்டில் பறந்தது. அதே நேரத்தில் குப்பத்தில், யாருடைய வாயும் அசையாமல், பிணத்துக்கு நேர் மேலே ‘ஆழம் அறிஞ்சவரே’ என்று எழும்பியது. ஐந்து வருஷத்துக்கு முந்தின இளங்குரல், பின்னாலேயே பதினொரு குரல். முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல் விடாமல் பாடி முடித்து அடங்கியது. பிணத்தை எடுத்தார்கள்.

கம்பெனி மெக்கானிக்கை அனுப்பியது. அவர் மெஷினில் பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மற்ற பிரதிகளைப் போட்டுப் பார்த்தார்கள், மூலத்திலிருந்து புதுப் பிரதி எடுத்தார்கள், அந்த இடம் மட்டும் ஊமை. வேறு பெண்களை வைத்துப் பாடிச் சேர்த்தபோது ஜனம் சிரித்தது. படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அதற்குப் பிறகு குப்பத்தில் ஒரு மரமும் இறங்கவில்லை. சனிக்கிழமை எல்லாம் இறங்கின, காரப்பொடி மீன் நிறையக் கிடைத்தது. தேசம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்தாள்.