செய்கூலி, சேதாரம்

...நோட்டு விலை தொண்ணூற்று இரண்டு என்று எழுதினால் அம்மா வாசிக்கும்போதே அதைத் தொண்ணூறாக்கிவிடுவாள், தொண்ணூறு என்று எழுதினால் எண்பத்தைந்து, அதற்காக நூறு என்றா எழுதிவைக்க முடியும், தாளைப் பார்த்ததுமே கடைக்காரர் எழுந்து போய்விட்டால்... மணி மூன்றாகப் போகிறது. நான்கு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார், சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிற மனிதராம், இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு அவசரமும் இல்லை. எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நோட்டுக்கு முதுகு தைத்துக்கொண்டிருக்கிறாள், நடுநடுவே பசைக் கிண்ணத்தோடு பேச்சு, "என்னத்துக்கு இப்படிக் கட்டி தட்டுற, உன்ன என்ன பண்றது" என்று. என்னிடம் பேசுவதைவிடப் பசையிடம்தான் அதிகம் பேசுகிறாள், பசையாவது கொழகொழவென்று ஏதோ பதில் சொல்கிறது. இதைக்கூட எழுதியிருக்கிறேன், ஆறாவது நோட்டிலா, ஏழாவதிலா.

மாதம் நூறு நோட்டு. அம்மா கையால் தைத்த நூறு நோட்டைத் தன் கடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், "ஹோல்சேல் ரேட்டு, டெர்ம்ஸ் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க தங்கச்சி, வந்து பார்க்கிறேன்" என்று போனில் சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டு, "டெர்ம்ஸ்னா என்னடி, டெர்ம் ஃபீஸா? நீதான் ஸ்கூல விட்டு நின்னுட்டியே, இன்னுமா கேக்குறாங்க?" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், பிறகு இரண்டு பேருமே சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தோம். பள்ளிக்கூடப் பேச்சு வந்தால் இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பேர் வரும், உள்ளேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், ஒரே ஒரு சொல், அது தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். டீச்சர் தலையைத் தூக்காமலே அடுத்த பேருக்குப் போய்விடுவார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நான் வராதவளானேன். வராத நாட்கள் நிறைய இருக்கின்றன என்று பரீட்சை எழுத விடவில்லை. வந்தேன் என்று சொல்லவும் வாய் வேண்டுமே... அம்மா திட்டவில்லை. மறுநாள் ஊசியைக் கையில் கொடுத்து, "நூல் கோத்துக் குடு, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

சரி, கணக்கு. தாள் முப்பத்து நான்கு, அட்டை பதினொன்று, முதுகுத் துணி எட்டு, நூலும் பசையும் மூன்று. ஐம்பத்தாறு. அதற்குக் கீழே செய்கூலி. இந்த இடத்தில்தான் சண்டை வந்தது. "பத்து போடு, போதும்" என்றாள். "ஒரு நாளைக்குப் பன்னெண்டு நோட்டுதான்மா தைக்க முடியும், பத்து போட்டா என்ன மிஞ்சும்?" "வீட்ல உக்காந்து தைக்கிறதுக்கு அவ்ளோதான்." வீட்டில் உட்கார்ந்தால் விரல் வலிக்காதா என்ன. போன வருஷம் ஒரு ஆபீஸுக்கு ஐம்பது நோட்டை ஒன்று அறுபதுக்குக் கொடுத்தாள், அவர்கள் தருவதாக இருந்தது எழுபது! எழுபது என்று அவர்கள் வாயைத் திறப்பதற்குள் இவளே அறுபது என்றாள். அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார், "உங்கம்மா பேரம் பேசினா எதிராளி சும்மா நின்னாப் போதும், ரெண்டு பக்கமும் அவளே பேசிருவா." அந்த ஐம்பது நோட்டில் அவள் கட்டைவிரல் வெடித்து, பசை பட்டுப் பட்டு, பத்து நாள் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். நான் முப்பது என்று எழுதினேன். எண்பத்தாறு. முப்பதுக்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன், கோடு போட்டால் எண் நகராது என்பதுபோல.

இந்த விலை நின்றால் அம்மா முன்பு பைண்டிங் வேலை பார்த்த பிரஸ்ஸுக்குத் திரும்பப் போக வேண்டாம். நிற்காவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து வரச்சொல்லி அங்கிருந்து ஆள்விட்டிருக்கிறார்கள், காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றபடி வேலை, கால் வீங்கி வருவாள், நான் இந்த வீட்டில் பசைக் கிண்ணத்தோடு தனியாக... எனக்கும் பசையோடு பேசத் தெரியுமா? பிரஸ்ஸில் அம்மாவுக்கு ஸ்கேல் என்று பட்டப்பேர். கோடு போடாமல் அட்டை வெட்டுவாள், வைத்துப் பார்த்தால் ஒரு நூல் பிசகாது.

அடுத்தது சேதாரம். நகைக் கடையில் கேட்ட வார்த்தைதான், நோட்டுக்கும் உண்டு, கெட்டுப்போவதையும் விலையில் ஏற்ற வேண்டும். எத்தனை கெடுகிறது என்று அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை, எனக்குத்தான் தெரியும், கெட்டதெல்லாம் என்னிடம்தானே இருக்கிறது. கட்டிலுக்கடியில் துணித்துண்டுச் சாக்கின் அடியில். அட்டை தலைகீழாக ஒட்டியது, முதுகு கோணிக்கொண்டது, மூலை மழுங்கியது. "வீணாப் போச்சு போ" என்று அம்மா அலமாரியில் எறிவாள், பிறகு அதைத் தேடவே மாட்டாள், நான் எடுத்துக்கொள்வேன். அட்டைதான் கோணல், உள்ளே தாளெல்லாம் நல்ல தாள், பேனா வழுக்கிக்கொண்டு போகும். எழுதுவதற்கென்று என்ன இருக்கிறது எனக்கு, பசைப் பேச்சு, அப்பாவின் இருமல், அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்து விடுகிற குறட்டை, வாயால் சொல்ல முடியாமல் போன உள்ளேன்கள்... நான் நின்று பதினான்கு மாதம், பதினைந்து நோட்டு. மாதம் ஒன்று. மழை விடாமல் பெய்த மாதத்தில் மட்டும் இரண்டு, பசை காயவில்லை என்றாள் அம்மா. அவள் கை தவறுவது எனக்கு வசதியாக இருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. சேதாரம், நூற்றுக்கு ஒன்று. பரப்பிப் பார்த்தால் நோட்டுக்கு ஒன்றுகூட வராது, ஒன்று என்றே வைத்தேன். லாபம் ஐந்து. தொண்ணூற்று இரண்டு. அப்புறம் டெர்ம்ஸ், ஐம்பதுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும், பாதி முன்பணம், மீதி சரக்கு எடுக்கும்போது, கடையில் நனைந்தால் நாங்கள் பொறுப்பில்லை. கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது, என்னைவிட தைரியமாக.

செருப்புச் சத்தம். சரியாக நான்கு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாசிக்கிறார், வாசிக்கிறார், ஒரு பக்கத் தாளை மனிதர் எவ்வளவு நேரம்தான் வாசிப்பார்... நான் கதவோரம் சுவரோடு சுவராக நிற்கிறேன். "தொண்ணூத்தி ரெண்டா?" என்றார். வெறுமனே கேட்டார், அதற்குள் அம்மா ஊசியை வைத்துவிட்டாள், "பாப்பா போட்டிருக்கா அண்ணே, நீங்க வேணும்னா ஒரு எ..." எண்பது. எண்பது என்று சொல்லப்போகிறாள், கட்டைவிரல், ஸ்பூன், வீங்கிய கால். "தொண்ணூத்தி ரெண்டுதான்" என்று யாரோ சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நான்தான் சொல்லியிருக்கிறேன். காதெல்லாம் சுடுகிறது. "அட, பாப்பா பேசுமா?" என்று சிரித்தார், "சரி, தொண்ணூத்தி ரெண்டே இருக்கட்டும். முன்பணம் பாதி வேணாம், கால் பங்கு தர்றேன்." அம்மா உடனே "சரிங்கண்ணே" என்றாள். "அம்பது இல்ல, நாப்பதா எடுத்துக்கிறேன் சில மாசம்." "அதுக்கென்னண்ணே." போயிற்று, போயிற்று, விலையாவது நின்றதே...

அப்போது அவர் விரலை ஒரு வரியில் வைத்தார். "இது என்ன தங்கச்சி சேதாரம்? நீங்க இருந்த பிரஸ்ஸுக்கு எட்டு வருஷம் தாள் சப்ளை பண்ணியிருக்கேன். ஸ்கேல் ஒரு நோட்ட வீணாக்கி நான் பார்த்ததில்ல. இத அடிச்சிடுங்க, இருக்கிறதே ஒரு ரூபா." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தும் விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், இதோ சரிங்கண்ணே வரப்போகிறது. அம்மா தைத்துக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது மட்டும் முடியாதுங்கண்ணே." "ஏன்?" "இப்பல்லாம் கை தவறுது." "ஸ்கேலுக்கா?" "மாசம் ஒண்ணு கெடும்" என்றாள், நூலைப் பல்லால் கடித்தாள், "மழைக் காலத்துல ரெண்டாகும்." அம்மா ஒரு கணக்கை ஏற்றிச் சொல்லி வாழ்நாளில் இன்றுதான் கேட்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார், எழுந்தார், முன்பணத்தை நாளைக்கு அனுப்புகிறேன் என்றார், செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

மழைக் காலத்தில் இரண்டு. அந்த மாதம் வெளியே காலே வைக்க முடியாமல் ஒரு நோட்டைப் பதினைந்தே நாளில் எழுதி முடித்தேன், மறுநாளே ஒன்று கெட்டது. பசை காயவில்லை என்றாளே, அன்றைக்குத் தைத்த மற்ற பதினொரு நோட்டும் எப்படிக் காய்ந்தன? "என்னடி பாக்குற, நூல் கோத்துக் குடு" என்கிறாள், ஊசி என் முன்னால் நீண்டிருக்கிறது, கட்டைவிரலில் அந்தப் பழைய வெடிப்பின் வடு. நூலை எச்சில் தொட்டு முறுக்குகிறேன், ஊசிக்கண் தள்ளித் தள்ளிப் போகிறது. கட்டிலுக்கடியில் இருக்கிற என் நோட்டை, எத்தனை பக்கம் மீதி என்று பார்க்கத்தான் திறந்திருப்பாள், பார்த்துவிட்டு மூடியிருப்பாள், அவ்வளவுதான் இருக்கும்... ஆனால் குறட்டையைப் பற்றி எழுதினேனே, என் பக்கம் திரும்பிப் படுக்கிறாள், தூங்க முடியவில்லை என்று. அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தது எப்போதிலிருந்து?