ஏழாவது பிரிவில் ஏறிய தள்ளுவண்டி

பள்ளிக் காலையுணவுச் சட்டம் இன்னும் வரவில்லை. அதற்குள் பேனர் வந்துவிட்டது. ‘பசியால் வாடும் பதின்பருவத்தினருக்கான அன்புக் காலையுணவு’ என்று தலைமையாசிரியர் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கட்டியிருந்தார். அதன் கீழே நுழைய எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மனசு வரும்? பள்ளிச் சமையல்காரிக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது. அவளிடம்தான் யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதச் சோதனை. பெரிய வகுப்புகள் சாப்பிட்டால் சட்டத்தில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் எட்டாம் வகுப்போடு சரி. அவள் மகளே பத்தாவதுதான். அம்மா விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவதால் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருபவள். ஆனாலும் கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கடைசி நாள் சட்டமன்ற உறுப்பினர் பார்வையிட வந்தார். கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் மூன்றே பேர். அதில் ஒருவன் தண்ணீர் குடிக்க வந்தவன்.

“பாத்தீங்களா? இந்த வயசுல பசியே எடுக்காது. நான் அப்பவே சொன்னேன்,” என்றார் உறுப்பினர், மூன்றாவது முட்டையை உரித்தபடி.

“ஐயாவுக்கே இந்த வயசுல இப்படி எடுக்குதே!” சமையல்காரி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. “பேசாம இரும்மா!”

“பேசலைங்க சார். வண்டியத்தான் தள்ளப் போறேன்.”

பாத்திரம் ஏற்றும் தள்ளுவண்டியில் ரொட்டி, முட்டை, வாழைப்பழம் எல்லாவற்றையும் அடுக்கினாள். முதல் பாடவேளை முடிந்து மணி அடித்தபோது வண்டி பத்தாம் வகுப்பு நடைவழியில் நின்றது. பேனர் இல்லை, வரிசை இல்லை. பிள்ளைகள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். முதலில் கை நீட்டத்தான் ஆளில்லை.

அவள் மகள் முன்னால் வந்தாள். பள்ளிக்குள் இதுவரை அம்மா என்று கூப்பிடாதவள்.

“அம்மா, எனக்கு ரெண்டு முட்டை.”

“அடிப்பாவி, இவங்க உங்க அம்மாவா? சொல்லவே இல்ல! அத்தை, எனக்கும் ரெண்டு!” என்று தோழி ஒருத்தி புகுந்தாள். அப்புறம் வண்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே வந்த உறுப்பினருக்கு ஒரு பழம்கூட மிஞ்சவில்லை.

சட்டம் நிறைவேறியது. ‘மேல்வகுப்புகளுக்கு முதல் பாடவேளைக்குப் பின் நடைவழியில் வழங்கலாம்’ என்றது ஏழாவது பிரிவு. இது தமது முப்பதாண்டுச் சிந்தனை என்று உறுப்பினர் மன்றத்தில் முழங்கியது சமையலறை ரேடியோவில் வந்தது.

“முப்பது வருஷமா? பாவம், அதான் அன்னைக்கு அவ்ளோ பசி,” என்றாள் சமையல்காரி. பிறகு ஈரத்துணியை எடுத்து வண்டியின் கைப்பிடியைத் துடைத்தாள். சட்டத்திலேயே ஏறிவிட்ட வண்டி, அழுக்காகப் போகலாமா?