குட்டியின் நிறை

நாகலெட்சுமியின் முந்தைய நாய்க்குட்டி, கேட்கக் கேட்கச் சோறு போட்டதில் வயிறு ஊதிச் செத்துப்போனது. அந்தப் பழியை அவள் தன்மேல்தான் போட்டுக்கொண்டாள். ஆகவே புதுக்குட்டிக்கு ஊசி போடப் பொகவந்தலாவை டவுனுக்குப் போனபோது, எவ்வளவு கொடுப்பது என்று மிருக வைத்தியரிடம் தெரிந்த சிங்களத்தில் துருவித் துருவிக் கேட்டாள். குட்டியின் நிறையில் கிலோவுக்கு அரைக் கோப்பை சோறும் மீனும், அது ஒரு நாளைக்கு. வளர வளர வாரா வாரம் நிறுத்து அளவைக் கூட்ட வேண்டும் என்றார் அவர்.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் தராசு ஏது? பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில்தான் உண்டு. சனிக்கிழமை மாலை, எல்லோருடைய கொழுந்தும் நிறுத்து முடிந்த பிறகு, குட்டியைப் பழைய சேலைத் துண்டில் கட்டித் தராசுக் கொக்கியில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை அழகன், கொழுந்துக்குச் சொல்லும் அதே குரலில் மூன்று என்றார். அவள் நின்ற பக்கத்திலிருந்து முள் தெரியாது. அவள் கொழுந்து பறிக்கும் பதினெட்டு வருஷமாகத் தெரியாததுதான்.

ஒன்றரைக் கோப்பை. குட்டி ஒரே மூச்சில் தின்றுவிட்டுத் தட்டைக் காம்பரா அறையெங்கும் தள்ளிக்கொண்டு போய் நக்கியது. பக்கத்துக் காம்பரா மீனம்மா, இப்படிப் பட்டினி போடுவதற்கு வளர்க்காமலே இருக்கலாம் என்றாள். அளவு அளவுதான் என்று நாகலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் மூன்றேகால், அதற்கடுத்த வாரம் மூன்றரை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை குட்டியைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனாள். சரிபுதீன் கடைத் தராசு ஐந்தரை காட்டியது. கடைத் தராசு கூட்டிக் காட்டாமல் வேறென்ன செய்யும் என்று அவள் நினைத்தது அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தார். சரியாக ஒரு கிலோ.

திங்கட்கிழமை, பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்கும்போதே குட்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, சுற்றிப் போய் முள்ளைப் பார்த்தாள். ஐந்தரை.

"மூணரை" என்றார் அழகன்.

முள் ஐந்தரையில் நிற்கிறதே என்று கேட்டாள். அவர் கூச்சப்படவில்லை.

"வழக்கமாக் கழிக்கிற ரெண்டு கிலோதான். சாக்குக்கும் ஈரத்துக்கும்."

"குட்டி சாக்குலயாங்கய்யா வந்துச்சு?"

இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டேனே என்றாள். அழகன் குட்டியைப் பார்த்தார், உலர்ந்துதான் இருந்தது. ஐந்தரை என்று திருத்திச் சொன்னார். இரண்டே முக்கால் கோப்பை என்று நாகலெட்சுமி மனதில் போட்டுக்கொண்டு குட்டியை இறக்கினாள்.

அடுத்து நின்ற மீனம்மா தன் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

"ஐயா, இதையும் நாய்க்குட்டின்னு நெனச்சு நிறுங்க."