வார்னிஷ் பூசாத காடு

இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்து ஓவியர் ஆம்ப்ரோஸ் வரைந்த காடு, அக்டோபர் பிறந்ததும் கூடத்துத் தரையில் இலை உதிர்த்தது. அவர் மனைவி டார்கஸ் அதைப் பெருக்கி அடுப்பில் போட்டாள். ஓக் இலை, நன்றாகவே எரிந்தது. ஆம்ப்ரோஸ் எதையும் அச்சு அசலாக வரைபவர் என்பது ஊரறிந்த சங்கதி, அதனால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வினை லண்டன் ஓவிய வியாபாரி வாயில் வந்தது. "வெறுங்காட்டை யாருய்யா வாங்குவான்? நடுவுல செவப்பா ஒரு ஆளை வையும். கண்ணு போய் நிக்க எடம் வேணாமா?" எல்லா ஓவியர்களும் செய்கிற வேலைதான். ஆம்ப்ரோஸ் மகள் ஹெட்டியைச் சிவப்பு மேலங்கியில் வரைந்தார். முகம் எழுதச் சோம்பல்பட்டு, முதுகைக் காட்டிக் காட்டுக்குள் நடக்க விட்டார். பாவி மனிதர், அந்தச் சோம்பல்தான் குடியைக் கெடுத்தது.

மறுநாளிலிருந்து ஹெட்டியை எந்தப் பக்கம் சுற்றிப் பார்த்தாலும் முதுகுதான் தெரிந்தது. வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஊரார் அந்த முதுகுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ரொட்டி விலை பேசப் போனார்கள். ஹெட்டி அடுப்போரம் உட்கார்ந்தபடியே, எங்கோ தொலைவிலிருந்து கூப்பிடுவதுபோல், "அம்மா, இங்க இருட்டுது" என்றாள்.

"பெத்த புள்ள மூஞ்சியே மறந்துடும் போலருக்குங்க. சுரண்டி எடுங்க அவள!" என்றாள் டார்கஸ். கத்தி சிவப்பைத் தொட்டதும் ஹெட்டி அலறினாள், முதுகில் ரத்தம். ஆம்ப்ரோஸ் கத்தியைக் கீழே போட்டார்.

"அப்ப என்னையும் போடுங்க. மூஞ்சி இந்தப் பக்கம் பாத்து, அவ கையப் புடிச்ச மாதிரி."

"நீ திரும்பி வரலைன்னா?"

"வர்ற மாதிரி வரையத் தெரியாதா? இத்தன வருஷம் என்னத்த வரைஞ்சீங்க!"

சாம்பல் நிற உடை, வெள்ளைத் தலைக்குல்லாய். இரவோடு இரவாக டார்கஸை வரைந்து முடித்தார். விடிந்ததும் ஹெட்டி முழு உயரத்தில், முகத்தோடு, சேற்றுக் காலோடு சமையலறைக்குள் ஓடிவந்தாள். "அம்மாதான் ஓடுன்னு தள்ளிவிட்டா. பின்னாலயேதான்பா வந்தா!" ஓவியத்தில் சிவப்பு இல்லை. வீட்டில் எங்கும் காணாத டார்கஸ் மட்டும் அதன் ஒற்றையடிப் பாதையில் இவர்களைப் பார்த்தபடி நின்றாள்.

வார்னிஷ் பூசி அனுப்பச் சொன்னான் வியாபாரி. பூசிவிட்டால் ஓவியம் முடிந்தது என்று அர்த்தம். "ஆள் இன்னும் வந்து சேரலையே" என்று ஆம்ப்ரோஸ் மறுத்துவிட்டார். ஆண்டுகள் போயின. டார்கஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறாள். அவளுக்குப் பின்னால் மரங்களும் நெருங்கி வருவதை ஹெட்டி அப்பாவிடம் சொல்வதில்லை. இந்த அக்டோபரில் பெருக்கும்போது இலைகளோடு ஒரு வெள்ளைத் தலைக்குல்லாய் கிடந்தது. அம்மா வந்ததும் கேட்பாள் என்று, ஹெட்டி அதைத் துவைத்து அடுப்போரம் காயப்போட்டாள்.