போணி விலை

ரெம்பாவ் சாலையிலிருந்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் மோகனாவின் கடை. கைபேசியும், கையில் பிடித்து விளையாடும் கேம் கருவிகளும் விற்பாள். சுங்கை காடுட் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டுத் திறந்த கடை அது. புதிதாக வருகிற கேம் கருவி விற்றால் கடை நிற்கும். விற்காவிட்டால் மறுபடியும் தொழிற்சாலை வேனில் ஏற வேண்டியதுதான். இருந்ததையெல்லாம் போட்டு அலமாரி நிறையப் பெட்டிகளுக்குச் சொல்லிவிட்டாள். துணிச்சல்காரி, வேறென்ன சொல்வது.

அதன் பிறகுதான் கம்பெனி விலையை அறிவித்தது. ஆயிரத்தைந்நூறு வெள்ளி இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, வந்ததோ இரண்டாயிரம்.

வெளியீட்டு நாள் காலையில் செம்பனைகளை மூடிப் பனி இறங்கியிருந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து பஞ்சாலை வந்தாள். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையின் விளம்பரத் திரையில் ஓடும் நீலக் கடலைப் பார்த்தபடி மெய்மறந்து நிற்பாள்.

"ஆயிரத்தைந்நூறுதான் கொண்டாந்தேன் மோகனா. எல்லாரும் அதான்னு சொன்னாங்க."

முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் விளங்காது. மளிகைக்கடை வைத்திருந்த அம்மாவிடமிருந்து வந்த நம்பிக்கை அது. மோகனாவால் மீற முடியவில்லை. ஆயிரத்தைந்நூறுக்கே கொடுத்துவிட்டு, வாங்கிய பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மதியத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மோட்டார் சைக்கிளில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். புல்வெட்டும் குத்தகைக்காரர் ஆறுமுகம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, பஞ்சாலைக்கு ஒரு வெல, எங்களுக்கு ஒரு வெலயா?"

"அது போணிலா அண்ணே."

"அப்ப நாளைக்குப் போணி நாந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

மறுநாள் கதவைத் தூக்கும் முன்பே வாசலில் கூட்டம் நின்றது. மோகனாவா ஏமாறுவாள்? பஞ்சாலையைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லி, ஒரு சார்ஜர் கம்பியை முழு விலைக்கு விற்று முடித்திருந்தாள்.

"போணி ஆயிடுச்சு அண்ணே. இனிமே ரெண்டாயிரம்தான்."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பேசிப் பார்த்திருக்கலாம். ஆயிரத்தைந்நூறு என்று ஒருமுறை மனத்தில் உட்கார்ந்துவிட்ட விலை அதற்குமேல் ஏறுவதாக இல்லை. "தீபாவளிக்குள்ள எறங்கிடும்லா, பொறவு வரோம்" என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. சாலையில் ஆளில்லை. மனம் வெறுத்துப்போய் மோகனா ஒரு பெட்டியைப் பிரித்தாள். இத்தனை கேம் விற்றவள் ஒருநாளும் விளையாடியதில்லை, நேரம் ஏது.

திரை ஒளிர்ந்ததும் கடல் வந்தது. அவள் விரல் அசைத்த பக்கமெல்லாம் ஒரு சிறு படகு போனது. தண்ணீருக்கடியில் விளக்கேற்றிய வீடுகள், அவற்றின் மேல் நிதானமாக நீந்தும் மீன்கள். வெளியே பெய்த மழையும் உள்ளே இருந்த கடலும் ஒன்றாகிவிட்டன. வேன், வாடகை, அலமாரி எதுவும் நினைவில் இல்லை. எத்தனை காலமாயிற்று இப்படி இருந்து! அவளுக்குக் கண் கலங்கியது.

படகைக் கரையில் விட்டுவிட்டு, மனமில்லாமல் கருவியைக் கீழே வைத்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டில் கண் போனது. இரண்டாயிரம்.

"நல்ல சாமான்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "கொஞ்சம் வெல எறங்கட்டும், நாமளும் ஒண்ணு வாங்கிக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், கடைக்காரி தான்தான் என்பது உறைத்தது.